மான் என்னையும் நக்கியது

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்பது வயது. ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பந்தியில் நான் மட்டும் பாயசம் வேண்டாம் என்று இலையை மூடினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்பா சிங்கப்பூரில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவார். நான் கூச்சம் தெளிந்து அவர் பக்கத்தில் போய் உட்காருவதற்குள் லீவு முடிந்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது, ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அப்பாவின் தம்பியான சித்தப்பாதான். அவர் எனக்கு மட்டும் உரியவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். கடைசி வீட்டைத் தாண்டினால் தைலமரக் காடு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சித்தப்பா செவலை, கருப்பி என்ற இரண்டு நாய்களோடு முயல் வேட்டைக்குக் கிளம்புவார். பைக்கில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நாய்கள் கூடவே ஓடிவரும். சாக்குப்பையும் தண்ணீர் பாட்டிலும் என் பொறுப்பு. பாதி நாள் வெறும் சாக்கோடு திரும்புவோம். சித்தப்பா அப்போது போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓட்டமும் ஓடி முடித்து, ஆர்டர் வரக் காத்திருந்தார். போலீஸ் ஆகப்போகிறவர் சட்டத்துக்குப் புறம்பாக முயல் பிடிக்கலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எழவில்லை. முயல்கறி அவ்வளவு ருசியாக இருந்தது.

சித்தி பொன்னமராவதிக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். காலேஜ் படித்தவள். முயலைக் கறியாகக்கூடப் பார்த்ததில்லையாம். வந்து இருபது நாள் ஆகியிருக்கும், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் "நானும் வரவாங்க?" என்று அவள் கேட்டதும் சித்தப்பா ஒரேயடியாகச் சிரித்துத் தலையாட்டினார். நான் ஏழு வயதில் இதே கேள்வியைக் கேட்டபோது சம்மதம் வாங்க மூன்று நாள் அழ வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பைக்கில் என் இடத்தில் சித்தி உட்கார்ந்தாள். "பாப்பா, நீ முன்னாடி வா, காத்து நல்லா அடிக்கும்" என்று சித்தப்பா என்னைத் தூக்கிப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தார். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன. காற்றை யார் கேட்டது? இறங்கியதும் சித்தி தண்ணீர் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "சின்னப் பிள்ள, நீ ஏன் தூக்குற?" என்றாள். இரண்டு வருடமாக நான் தூக்கிய பாட்டில் அது. கொஞ்ச தூரத்தில் சீமைக்கருவேலங்கிளையை விலக்கப்போய் அவள் உள்ளங்கையில் முள் கிழித்தது. எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

இரவு மழை பெய்திருந்தது. வரிசை வரிசையாக நட்ட மரங்களுக்கு நடுவே நேராக வெகுதூரம் பார்க்க முடியும். முன்னால் ஓடிய செவலை திடீரென்று நின்றது. எதைக் கண்டாலும் பாயும் நாய், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு முனகியது. கருப்பி பின்வாங்கி சித்தப்பாவின் காலில் வந்து ஒட்டியது.

இருபதடி தூரத்தில் ஒரு புள்ளிமான் நின்றிருந்தது. கொம்பில்லாத பெண் மான். எங்களைப் பார்த்தும் அது ஓடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றி வந்தது. சுற்றும்போது ஒரு மரத்தில் மோதியது, நின்றது, மறுபடி அதே மரத்தில் மோதியது.

சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. "நாய் பாஞ்சு கடிச்சுவச்சா மான் கேஸாயிரும். ஆர்டர் வர்ற நேரத்துல நமக்கு எதுக்கு? ரெண்டு பேரும் அங்கிட்டே நில்லுங்க, இதுகளக் கட்டிட்டு வாரேன்" என்று இரண்டு நாய்களையும் கழுத்தைப் பிடித்து பைக் நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் மான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. நான் ஓடிப்போய் ஒரு கரையான் புற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஓடிய வேகத்தில் மணிக்கட்டில் எனக்கும் முள் கீறியது. சித்தி நகரவில்லை. மானின் வாயோரம் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "பாவம், தாகம் போல" என்றாள். பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி நீட்டினாள். மான் நேராக அவளிடம் போய் கையில் வாயை வைத்தது.

"வா பாப்பா, ஒண்ணும் செய்யாது. வந்து தொட்டுப் பாரு" என்று அவள் திரும்பாமலேயே என்னைக் கூப்பிட்டாள். நான் இரண்டடி வைத்துவிட்டு நின்றேன். பயம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி. இரண்டு வருடமாக இந்தக் காட்டுக்கு வருகிறேன். ஒரு மான்கூடக் கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு மேல் என் முன்னால் நின்றதில்லை. நேற்று வந்தவளின் கையில் போய்த் தண்ணீர் குடிக்கிறது.

உண்மையில் அது குடிக்கவில்லை. நாக்கு அவள் கையை நக்கியது. தண்ணீர் முழுவதும் நுரையோடு திரும்ப வழிந்தது. கழுத்து ஒரு தடவை வெட்டி இழுத்தது. பிறகு உதைபட்டது போலப் பக்கவாட்டில் துள்ளி விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்து, மரங்களில் மோதிக்கொண்டே போய்விட்டது.

திரும்பி வந்த சித்தப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. "ஒங் கையிலயா? காட்டு மானா?" என்று நாலு தடவை கேட்டார். அந்த நாலு தடவையும் அவர் சித்தியைப் பார்த்த பார்வையை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். அம்மா அன்று சித்தியின் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா கடையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தாள். பக்கத்து ஊரில் போன மாதம் ஒரு வெறிநாய் ஆடு மாடுகளைக் கடித்திருக்கிறது. இப்போது ஒரு பசுமாடு வாயில் நுரை தள்ளி, தண்ணீர் குடிக்க முடியாமல், சுவரில் முட்டிச் செத்துப்போனது. அதன் வாயில் கைவைத்தவர்கள் எல்லாம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சித்தி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். முள் கிழித்த கோடு இன்னும் சிவப்பாக இருந்தது.

வீடு தலைகீழானது. அம்மா சோப்பைப் போட்டு அவள் கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள். சித்தப்பா ஒருமுறை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மான் என்று வாய்தவறிக்கூடச் சொல்லக்கூடாது, தெருநாய் என்றே சொல்வோம் என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினார். சித்தியின் தோளில் கைவைத்து, "ஒனக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. எனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் எனக்குச் சொன்ன வார்த்தை. ஒரு மாதத்துக்குள் அதுவும் கைமாறிவிட்டது.

"என்னையும் நக்குச்சு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் மணிக்கட்டில் இருந்த கீறலைக் காட்டினேன்.

"எப்ப? நான் பாக்கலையே" என்றாள் சித்தி. அவள் குரலே வேறாக இருந்தது.

"நீங்க தண்ணி ஊத்துனீங்கள்ல, அப்பத்தான்."

மானையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நான் எங்கே நின்றேன் என்பது தெரிந்திருக்க வழியில்லை. அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "நான்தாங்க வா வான்னு கூப்ட்டேன்" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா அவளை விட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். அந்த வயதில் என்னை யாரும் தூக்குவதில்லை. நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்து, அங்கிருந்து சித்தியைப் பார்த்தேன்.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் என் சந்தோஷத்தின் முதல் பாதி முடிந்தது. கீறலில் எச்சில் பட்டதால் கையில் தடுப்பூசி போடுவதோடு, கீறலைச் சுற்றியும் வேறொரு மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் மருந்தை எடுக்கப் போனபோது சித்தி என் முன்னால் குனிந்தாள். "பாப்பா, நெசமாவே ஒன்னைய நக்குச்சா? இல்லைன்னா இப்பவே சொல்லிரு. ஒன்னைய யாரும் திட்டமாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் கண்கள் கெஞ்சின. இல்லை என்ற ஒரு சொல்லுக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள்.

"மொதல்ல என்னையத்தான் நக்குச்சு" என்றேன்.

ஊசி கீறலுக்குள் இறங்கியபோது ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன். சித்தப்பா என்னை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். சித்திக்கு உள்ளங்கையில் போட்டார்கள். அங்கே வலி இன்னும் மோசம் என்று பின்னால் அம்மா சொன்னாள். சித்தியின் பக்கத்தில் யாருமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

தடுப்பூசி மொத்தம் நாலு தவணை. கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாள். அந்த நாட்களில் சித்தி தினமும் காலையில் என்னை எழுப்பி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். பல் விளக்குவதற்கு முன்பே கொடுப்பாள். கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். எதிரில் உட்கார்ந்து கடைசி மடக்கு வரை பார்ப்பாள். நான் குடித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்திருப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இன்னொரு டம்ளர். அவளை எனக்கு வேலைக்காரியாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பேன். பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பேன். அவள் காத்திருப்பாள்.

வெறிநோய் கண்டவர்களுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்பதையும், அப்படி ஒருமுறை ஆகிவிட்டால் அதன் பிறகு உலகத்தில் மருந்தே இல்லை என்பதையும் நான் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. சித்தி காலேஜில் படித்தவள்; அவளுக்கு அன்றே தெரியும். விடிந்ததும் அடுப்படியில் தனியாக நின்று தான் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எடுத்துக்கொண்டு வருவாள் என்று அம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அடுத்தவர் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொன்றுவிட்டோமோ என்ற நினைப்போடு அந்தப் பெண் ஒரு மாதம் எங்கள் வீட்டில் சோறு தின்றிருக்கிறாள். புதுப்பெண்.

கடைசி ஊசிக்கு இரண்டு நாள் இருந்தது. முந்தின நாள் சித்தப்பாவும் சித்தியும் என்னை விட்டுவிட்டு புதுக்கோட்டைக்குப் படம் பார்க்கப் போய் வந்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவள் தலையில் மல்லிகைப்பூ இருந்தது. எனக்கு எதுவும் வாங்கி வரவில்லை. காலையில் அவள் டம்ளரை நீட்டினாள். "வேணாம்" என்றேன். "ஒரு வாய் குடி பாப்பா." முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சித்திக்காக ஒரே ஒரு வாய்." குரல் நடுங்குவதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. டம்ளரை வாங்கி வாய் நிறைய தண்ணீரை எடுத்தேன். விழுங்காமல் அப்படியே அவளைப் பார்த்தேன். பிறகு கழுத்தை வெட்டி இழுத்து, மான் செய்தது மாதிரியே, அத்தனையையும் அவள் சேலை மேல் துப்பினேன்.

"ஏங்க!" என்று அவள் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். நிலைக்கதவைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்த சித்தப்பா வாயில் பேஸ்ட் நுரையோடு ஓடிவந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் என் சிரிப்பைப் பார்த்தார், நனைந்த சேலையைப் பார்த்தார். வாயைத் துடைக்கவும் மறந்து என் முன்னால் மண்டிபோட்டார்.

இப்போது யாருக்குத் திட்டு விழும் என்று ஆவலோடு காத்திருந்தேன். அவர் யாரையும் திட்டவில்லை. குடத்திலிருந்து டம்ளரை நிறைத்து என்னிடம் நீட்டினார். தண்ணீர் அவர் விரல்களில் தளும்பி வழிந்தது.

"குடி ஆத்தா" என்றார்.

சித்தி தவழ்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மடமடவென்று குடித்தேன். இருவரும் மூச்சுவிடாமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அவள் அவரைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு காலை வந்ததே இல்லை. எனக்கு மனசு நிறைந்துபோனது. காலி டம்ளரை நீட்டி, இன்னொன்று வேண்டும் என்றேன்.