வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் விமானம்

லண்டன் நோர்பரியில் நான் வழக்கமாக மரக்கறி வாங்குகிற கடையில் போன கிழமை ஒரு நாட்காட்டி சும்மா தந்தார்கள். சும்மா கிடைத்தால் எதையும் வேண்டாமென்று சொல்லாத ஆள் நான். வீட்டில் ஏற்கெனவே மூன்று தொங்குகின்றன, நாலாவதற்கு ஆணி இல்லை. கல்லாவில் நின்ற பிள்ளை அதைச் சுருட்டித் தந்துகொண்டே சொன்னாள்: "அங்கிள், இது லண்டன் டைமுக்குக் கணிச்சது. ராகுகாலம் எல்லாம் இஞ்சத்தை நேரம். ஊர்க் கலண்டரைப் பாத்துக் குழம்பத் தேவையில்லை."

"குழம்பத் தேவையில்லையோ?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்றவர் கூடையால் முழங்காலில் இடித்த பிறகுதான் வெளியே வந்தேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் குழம்பிக்கொண்டிருப்பதே அதைப் பற்றித்தான்.

பஸ்ஸில் ஹீட்டர் போட்டிருந்தார்கள். காலடியிலிருந்து தூசி காய்கிற மணம் எழும்பியது. பொல்லாத மணம் அது. கண்ணை மூடினால் நோர்பரி போய் பாலைவனம் வந்துவிடும்.

லண்டனுக்கு வருவதற்கு முன்னம் அங்கே, வளைகுடாவில், எனக்கு ஒரு விமான நிலையத்தில் வேலை. இப்படிச் சொன்னால் நீங்கள் பெரிதாக ஏதோ நினைப்பீர்கள். ஊருக்கு எழுதின கடிதங்களில் நானும் அப்படித்தான் எழுதினேன். அம்மா அதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வாசித்துக் காட்டியிருக்கிறா. உண்மையில் ஒரு தகரக் கொட்டகை, காற்றுத் திசை காட்டக் கம்பத்தில் ஒரு கிழிந்த துணிப்பை, ஒரு ஓடுபாதை. ஓடுபாதை எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று அதைக் கூட்டுகிறவனுக்கே தெரியாது. எண்ணெய்க் கம்பனி ஆட்களைத் தலைநகருக்கு ஏற்றிப் போக, இரண்டு காற்றாடி வைத்த சின்ன விமானம் ஒன்று நின்றது. ஒன்பது பேர் ஏறலாம். அந்த ஒன்பது பேரையும் பெட்டிகளோடு நிறுப்பதுதான் என் வேலை. ஓம், ஆட்களைத்தான். மூட்டை நிறுக்கிற மெஷினில் ஏற்றி, கிலோவைத் தாளில் எழுதி விமானியிடம் கொடுக்க வேண்டும். தங்கள் நிறையை இன்னொருவன் உரக்க வாசிப்பது ஒருவருக்கும் பிடிக்காது. சிலர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், என்னவோ மூச்சுக்கும் நிறை இருக்கிற மாதிரி.

அந்தக் காலத்து விபத்துகளும் இப்போது மாதிரி இல்லை. சில்லு மணலில் புதைந்து விமானம் மூக்கைக் குத்தும். ஒருமுறை இறங்குகிற நேரம் பார்த்து ஒட்டகம் குறுக்கே வந்து, விமானம் விலகிப் போய் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குள் நின்றது. ஒட்டகத்துக்கு ஒன்றுமில்லை. இன்னொருமுறை புழுதிக் காற்றில் பாதையை விட்டுப் பக்கத்து மணலில் இறங்கிவிட்டார்கள். எல்லோரும் நடந்தே வந்தார்கள், ஒருவர் செருப்பை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனார். நாங்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம். சைக்கிளில் விழுந்து எழும்புகிற கணக்கு. அதனால் எங்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது என்று நினைக்கிறேன். இருபத்து மூன்று வயதில் பயமே இருக்காதோ, அதுவும் தெரியவில்லை.

விமானி ஒரு வெள்ளைக்காரர். கப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நெட்டையான மனுஷன், கதை குறைவு. எனக்கு முன்னமே வந்து விமானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். அவருக்கு ஒரேயொரு பிடிவாதம்: முழுப் பாரம் ஏற்றுகிற நாளில் பதினொரு மணிக்கு முன்னம் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று மெலிந்துவிடும், மெலிந்த காற்று விமானத்தைத் தூக்காது. இது எனக்கும் தெரியும். இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள், எனக்கும் தெரியும்.

இனிப் பரமு அண்ணை. எங்கள் பக்கத்து ஆள், எண்ணெய்க் கம்பனியில் வெல்டர். கலியாணம் சரிவந்து ஊருக்குப் புறப்பட்டவர், மூன்று பெட்டியோடு கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அங்கே அது லீவு நாள், மேலாளர் வரவில்லை, கொட்டகைக்கு நான்தான் ராசா. விமானம் பத்தே முக்காலுக்கு.

"தம்பி, இண்டைக்கு வெள்ளியடா. பத்தரையிலை இருந்து பன்ரெண்டு மட்டும் ராகுகாலம். நான் எப்பிடிக் கலியாணத்துக்கு வெளிக்கிடுறது?"

"அண்ணை, ஊரிலை பன்ரெண்டு அடிக்கேக்கை இஞ்சை பத்தரை. ஊர்க் கணக்குப்படி ராகு முடிஞ்சு போகுது. பேசாமல் ஏறுங்கோ."

"ராகு என்ன ஊரிலையோ நிக்கிறார்? இஞ்சை சூரியன் எப்ப உதிச்சதோ அதுதான் கணக்கு."

சோதினையில் கணக்குக்கு நல்ல புள்ளி எடுத்தவன் நான். அந்த வாதத்தில் தோற்றுப்போனேன். தோற்றேனோ, அல்லது எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்ததோ? இருந்திருக்கும். நானும் அந்த ஊரில் வளர்ந்தவன்தானே. என்ன செய்தேன் என்றால், எட்டுப் பேரை நிறுத்த பிறகு மெஷினின் முள் இறுகிவிட்டது என்று சொல்லி, எல்லோரையும் திரும்ப முதலிலிருந்து நிறுத்தேன். பிறகு தாளைக் காணவில்லை என்று தேடினேன். தாள் என் காற்சட்டைப் பொக்கற்றில். கப்டன் மூன்று தரம் வாசலுக்கு வந்து "ரெடியா?" என்று கேட்டார். மூன்று தரமும் "இந்தா, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

தாளைக் கொடுக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. கப்டன் துணிப்பையைப் பார்த்தார், அது காற்றே இல்லாமல் செத்ததுபோலத் தொங்கியது. இரண்டு பெட்டியை இறக்கலாம் என்றார். பரமு அண்ணை கலியாணப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, சரி ஏறுங்கள் என்று கையைக் காட்டினார்.

விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கமாக எழும்புகிற இடத்தில் ஒரு சிவப்புப் பீப்பாய் உண்டு. அதைத் தாண்டியும் ஓடியது. பிறகு ஒரு ஆள் உயரம் எழும்பி, களைத்துப்போன ஆள் மாதிரி மணலில் உட்கார்ந்துவிட்டது. சத்தம் பிந்தித்தான் வந்தது. நான் ஓடினேன், செருப்பில்லாமல் ஓடினேன், கால் வெந்தது. ஒருவரும் சாகவில்லை. பரமு அண்ணைக்கு வலது கை முறிந்தது. கப்டனின் முழங்கால் நொறுங்கிப்போனது.

நாலைந்து நாளில் தலைநகரிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். மேலாளரின் அறை, ஓடாத மின்விசிறி. "கப்டன் நேரத்துக்கு வந்தாரா?" என்று என்னைக் கேட்டார்கள். இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. நான் "ஓம், நேரத்துக்கு வந்தவர்" என்று சொன்னதாக ஒரு ஞாபகம். "நான் பெட்டி நிறுத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை" என்று சொன்னதாக இன்னொன்று. "பிந்தித்தான் வந்தார்" என்று சொன்னதாக மூன்றாவது. மூன்றிலும் அதே மின்விசிறி, அதே வியர்வை, மேசையில் அதே ஈ. வேலை போனால் விசா போகும், விசா போனால் வீடு பட்டினி என்று யோசித்தது மட்டும் நிச்சயம். அறிக்கையில் எழுதினது என்னவென்றால், கப்டன் பிந்தி வந்தார், வெயிலேறின பிறகு பாரத்தைக் குறைக்காமல் எடுத்தார் என்று. அதோடு அவர் விமானம் ஓட்டுவது முடிந்தது.

பரமு அண்ணையின் கலியாணம் ஆறு மாதம் பிந்தி நடந்தது. பிறகு ஊரில் பிரச்சினை வந்து, அவரும் நானும் வேறு வேறு வழியாக லண்டனுக்கு வந்து சேர்ந்தோம். அவர் இப்போது வால்தம்ஸ்டோவில் மகனோடு இருக்கிறார். எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும் என் தோளில் அந்த வளைந்த கையைப் போட்டு, "இவன் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை. ராகுகாலத்திலை ஏறியிருந்தால் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்" என்று சபைக்குச் சொல்லுவார். சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கையை முறித்தவனுக்கு நன்றி சொல்லுகிற மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல?

நாட்காட்டி கிடைத்த மறுநாள் அவரிடம் போனேன். இப்போது போகாவிட்டால் பிறகு இல்லை என்று ஒரு அந்தரம். மருமகள் தேத்தண்ணி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள்.

"அண்ணை, ஒரு கதை கேக்கவேணும். விசாரணையிலை நான் என்ன சொன்னனான்?"

"எந்த விசாரணை?"

சொன்னேன். கோப்பைக்குள் சீனியைப் போட்டுக் கலக்கினார்.

"நீ ஒண்டும் சொல்லேல்லையடா. உன்னாலை வாயே திறக்க ஏலாமல் போச்செண்டு அண்டைக்கே என்னட்டை வந்து அழுதனி. சொன்னது நான். ஆஸ்பத்திரியிலை வந்து என்னட்டையும் கேட்டவங்கள். கப்டன் பிந்தி வந்தவர் எண்டு நான்தான் சொன்னனான். உன்ரை வேலை போயிடும் எண்டு."

எனக்கு வந்தது சந்தோஷமா, கோபமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் சுமந்தது என் பொய்யா, இவருடைய பொய்யா? யாருடையதாக இருந்தாலும் எனக்காகச் சொன்னதுதானே. நான் வாயைத் திறந்திருந்தால் அவர் சொல்லவேண்டி வந்திருக்காதே. இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்க, பரமு அண்ணை பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு, "ஏன், நீயும் பாத்துக்கொண்டுதானே நிண்டனி, அவர் பிந்தித்தானே வந்தவர்?" என்றார்.

"இல்லை அண்ணை, நேரத்துக்கு வந்தவர். பிந்தினது நான்."

"அப்பிடியோ," என்றார். "எனக்கு அவர் பிந்தி வந்தமாதிரித்தான் கிடக்கு." சொல்லிச் சொல்லி அவருக்கு அது நடந்ததாகவே ஆகிவிட்டது. எனக்கு எது எது அப்படி ஆகியிருக்கிறதோ, யார் கண்டது.

உங்களிடம் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. கப்டன் ஊன்றுகோலோடு நாட்டுக்குப் புறப்பட்ட அன்று கொட்டகைக்கு வந்து, ஒரு துண்டுத் தாளில் தன் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். லண்டன் இலக்கம். எப்போதாவது அந்தப் பக்கம் வந்தால் கூப்பிடு என்றார். எல்லாம் தெரிந்து தந்தாரா, ஒன்றும் தெரியாமல் தந்தாரா, அதுவும் விளங்கவில்லை. லண்டனுக்கு வந்த முதல் வருஷம், லூயிஷாமில் ஒரு ரோட்டோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து எடுத்தேன். ஒரு அம்மா பேசினா. "இருங்கோ, வாறார்" என்கிற மாதிரி ஏதோ சொன்னா. தரையில் தடி ஊன்றி ஒருவர் மெல்ல மெல்ல வருகிற சத்தம் கேட்டது. வந்து சேர அவருக்குக் கனநேரம் எடுத்தது. அதற்குள் நான் வைத்துவிட்டேன்.

அந்தக் கூண்டு இப்போது இல்லை. ஓடுபாதை இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன என்று மகள் வரைபடத்தில் காட்டினாள். அந்தக் கொட்டகையையும் அந்தத் தாள்களையும் பற்றிக் கேட்க ஒருவரும் மிஞ்சவில்லை. லண்டன் இலக்கங்களின் முன்பகுதியை எத்தனையோ தரம் மாற்றிவிட்டார்கள். ஆனால் பின்பகுதி எனக்குப் பாடம். வால்தம்ஸ்டோவிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், புது முன்பகுதியைச் சேர்த்து அழுத்தினேன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று பதிவு செய்த ஒரு பெண்குரல் சொன்னது. இந்த முறை நான் வைக்கவில்லை. அந்தக் குரலிடம் இங்கிலீஷில், தெளிவாக, "கப்டன் நேரத்துக்கு வந்தவர், பிந்தினது நான்" என்று சொன்னேன். அது மன்னிக்கவும் என்று சொல்லி, திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.