கரையான் தின்ற உத்திரம்

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் நாங்கள் வீடு தேடினோம். நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வாடகை வீட்டில் மழைக்கு மழை பாத்திரம் வைத்து அலுத்துப்போயிருந்தோம். அப்போதுதான், வேர்க்கடலை மண்டி நடத்திய ஒருவர் திண்டிவனத்துக்குக் குடிபோகிறார், ஓட்டு வீட்டை விற்கப்போகிறார் என்று தெரிந்தது.

பார்க்கப் போன அன்று எதையும் ஒளிக்காதவர்போலத்தான் பேசினார்.

"வாசக்கால்ல ஒரு தபா கரையான் வந்துச்சு சார். மாத்திட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "சமையக்கட்டு அந்தாண்ட இருக்குது, பாத்துக்கம்மா."

பின்னால் ஓர் அறை பூட்டியிருந்தது. திறக்கச் சொன்னேன். சாவி மண்டியில் மாட்டிக்கொண்டது என்றார், என் கணவரைப் பார்த்து. திரும்பி வரும்போது, "பெரிய மனுஷன், பொய்யா சொல்லப்போறாரு?" என்றார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் அறையைக் காட்டமாட்டாராம், அதைக் கேட்கவும் கூடாதாம்!

சனிக்கிழமை நான் மட்டும் போனேன். அவர் மனைவிதான் இருந்தார். மண்டியில் மாட்டிக்கொண்ட சாவி அந்த அம்மாவின் இடுப்பிலேயே தொங்கியது. கேட்டதும் திறந்துவிட்டார். உள்ளே, கூரை தாழ்ந்து இறங்கும் சுவரோரம் உத்திரம் வரை மூட்டைகள். அங்கிருந்த மண்டி ஆளை நாலைந்து மூட்டை இறக்கச் சொன்னேன். பின்னால் உத்திரத்தில் பளபளவென்று புது பெயின்ட். கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினேன். முழுசும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது தவிடு மாதிரி தூள் என் தோளில் கொட்டியது.

"நான் சொன்னேன்மா, கேக்கலியே" என்று முணுமுணுத்தார் அந்த அம்மா.

அந்த நேரம் பார்த்து மண்டிக்காரர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, சார் இல்லாம வந்து வூட்ட குத்திக்கினு இருக்கிற?"

"நான் குத்துனது ஊசியால. தின்னது கரையான்."

"அது எப்பவோ வந்துட்டுப் போனது. இப்ப இல்ல."

"கரையான் போயிடுச்சு, சரி. மரம் எங்க இருக்குது? பெயின்ட்தானே நிக்குது! மாத்திக் குடுங்க, வாங்கிக்கிறோம்."

"அதெல்லாம் சார்கிட்ட பேசிக்கிறேன், நீ போம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பள்ளிக்கு மேசை நாற்காலி செய்யும் ஆசாரியை மறுநாள், மண்டிக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். புற்று மண் காய்ந்துவிட்டது, உயிர்க் கரையான் எங்கும் இல்லை, சுவர் கெட்டி, அந்த உத்திரத்தையும் அதன்மேல் ஓட்டைத் தாங்கும் ஆறு பனங்கைகளையும் மாற்றினால் போதும் என்றார். பள்ளிக்கூடம் பக்கம், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். வாங்கலாம் என்று முடிவு செய்தேன், ஆனால் அவர் மரத்தை மாற்றிக் கொடுத்த பிறகுதான்.

இதைச் சொன்னதற்கு, "அவரு மனசு நோகுமே" என்று என் கணவர் ஒரு வாரம் இழுத்தடித்தார். ஏமாற்றியவர் மனசுக்குக் கிடைத்த மரியாதை என் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் போய், நான் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார்.

"நீங்க சொல்லிட்டீங்க இல்ல சார், மாத்திடலாம்" என்றாராம் மண்டிக்காரர். பதினைந்தே நாளில் புது உத்திரம் ஏறியது. என் வாயில் வம்பாக இருந்தது இவர் வாயில் நியாயமாகிவிட்டது.

பால் காய்ச்சிய அன்று மண்டிக்காரரும் வந்தார். "சார் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உத்திரத்த எப்டி புடிச்சாரு பாருங்க!" என்று எல்லோரிடமும் சொன்னார்.

காபித் தட்டைக் கீழே வைத்தேன். "புடிச்சது நான்" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, அவதான் பாத்தா" என்றார். அப்போதுதான் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அதற்கும் இவர் சொல்ல வேண்டியிருந்தது.