அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

எங்கள் அக்கா கண்மூடி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது, "அக்கா விரதக்காரி எண்டு மறக்காமப் போடு புள்ள" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நான் அப்படிப் போடப்போவதில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பழுகாமத்தில் வயல் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அடுத்தது நான், கடைக்குட்டி தம்பி. அக்கா உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில், சண்டைக்கு நடுவில் வட்டைக்கு வயல் காவலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. சடலமும் வரவில்லை. எங்கள் வயல் தரிசாய்க் கிடந்தது. அம்மா மற்றவர்களின் வயலில் அருவி வெட்டி, அறுவடைக் கூலியாகக் கிடைத்த நெல்லைக் குற்றி எங்களை வளர்த்தார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீடே முழித்தது.

அக்கா படித்து உத்தியோகம் எடுத்தால்தான் எனக்கும் தம்பிக்கும் சோறு. இடையில் ஊருக்குத் திரும்பினால் ஒரு தரப்பு ஆள்சேர்க்கப் பிடித்துக்கொண்டு போகும், மறு தரப்புச் சந்தேகப்பட்டுச் சுடும். ஆகவே அக்கா எப்படியாவது விடுதியில் நின்றுபிடிக்க வேண்டும். நின்றுபிடிப்பதற்குச் சாப்பிட வேண்டுமே!

விடுதி வாவிக்கு அக்கரையில். மாதம் ஒருமுறை அம்மா அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்து இராணுவச் சென்றியைக் கடப்பார். "ஒரு பிள்ளைக்கு இவ்வளவு அரிசியா? மிச்சம் யாருக்கு?" என்று கேட்டு, பையைத் தரையில் கொட்டிக் கிளறுவார்கள். மண்ணோடு அள்ளியதுதான் அக்காவிடம் போய்ச் சேரும். மாணவர் உதவிப்பணம் எப்போது வரும் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. வந்தாலும் என் பள்ளிக் கொப்பிக்கும் தம்பியின் சப்பாத்துக்கும் பாதி போய்விடும்.

அக்காவின் அறையில் கூட இருந்தவர் மாங்கேணியைச் சேர்ந்த தோழி. அவர் வீட்டிலிருந்து கருவாடு வரும், எங்கள் வீட்டிலிருந்து அரிசி. காலையில் அரை றாத்தல் பாண் ரொட்டியை இருவரும் பங்கு போடுவார்கள். மத்தியானம் பால் இல்லாத பிளேன்ரீ. பின்னேரம், பால் தகரப்பேணியால் ஒரு சுண்டு அளந்து போட்ட சோறும் தண்ணிச் சொதியும். இவ்வளவு இறுக்கியும் மாதக் கடைசிக்கு அரிசி எட்டாது.

ஒரு விடுமுறையில், "என்ன புள்ள எலும்பும் தோலுமாக் கிடக்காய்?" என்று அம்மா பதறினார்.

"வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறன் அம்மா," என்றார் அக்கா.

அப்பா உயிரோடு திரும்பி வரவேண்டும் என்றுதான் பிள்ளை விரதமிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டார். அன்று அவர் அழுத அழுகைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? வெள்ளியோடு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு புரட்டாதிச் சனி, கேதார கௌரி, கந்தசஷ்டி. எங்கள் சமயத்தில் விரதத்துக்கா பஞ்சம்? அக்காவுக்கு அது வசதியாய்ப் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு நானும் விடுதிக்குப் போனேன். வாசலில் காவலாளி அம்மாவை மறித்துப் பெயர் பதிந்துகொண்டிருக்க, நான் முந்தி ஓடினேன். அறையில் அக்கா கட்டிலில் சாய்ந்தபடி, காய்ந்த பாணோடு கருவாட்டுத் தலையைச் சூப்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "விரதமெல்லா?" என்றேன்.

"விரதமும் மண்ணும்!" என்று தோழி சீறினார். "நேற்றையில இருந்து பச்சைத்தண்ணிதான். வகுப்பில மயங்கி விழுந்திட்டாள். வேணாமெண்டவளுக்கு வில்லங்கமாத் தின்னக் குடுக்கன்."

"அம்மாட்டச் சொல்லிராத," என்றார் அக்கா. "தெரிஞ்சா இண்டைக்கே கூட்டிக்கொண்டு போயிருவா."

அம்மாவின் காலடி கேட்டதும் தோழி கருவாட்டைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அம்மா பையை இறக்கினார். வழக்கத்தில் பாதிதான் இருந்தது. "கூடக் கொண்டுவந்தா சென்றியில கரைச்சல். நீதான் கிழமைக்கு ரெண்டு நாள் விரதமே புள்ள, இது காணும்தானே?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "காணும் அம்மா," என்றார்.

போதும் என்கிற அந்தக் "காணும்" அக்காவை விட்டுப் போகவேயில்லை. பட்டம் பெற்றார், செட்டிபாளையத்துப் பக்கம் ஆசிரியையானார், என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் எங்களைக் காட்டித் தட்டிக்கழித்தார். முதல் சம்பளத்துக்குப் பிறகு ஒரு விரதமும் பிடிக்கவில்லை. "உத்தியோகம் வந்ததும் சாமியை மறந்திட்டாள்" என்று பேசிய உறவினர்கள் சிலர் இந்த மலரையும் கையில் வைத்திருப்பீர்கள். வாசியுங்கள். அக்கா எங்களுக்கு மூன்றாம் முறை சோறு போடுவார். தன் சோற்றுக் கோப்பையில் இரண்டாம் முறை போட விடமாட்டார். "காணும்."

கடைசியில் நோய் வயிற்றில்தான் வந்தது. "கனகாலம் பட்டினி கிடந்த பழக்கம் இருக்குதா?" என்று டொக்டர் கேட்டார். நான் வாய் திறக்க முன்னரே அம்மா, "ஓம் டொக்டர், படிக்கேக்க நல்ல விரதக்காரி. அந்த விரதம்தான் உத்தியோகம் எடுத்துக் குடுத்தது," என்றார், பெருமையாக. கட்டிலில் கிடந்த அக்கா என் கையை இறுக்கினார். இறுதி நாட்களில் கரண்டியால் ஊட்டிய கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்போதும் அதே சொல்தான்.

நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தோள் கொடுத்த அயலவர்களுக்கும், கடைசிவரை கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்துபோன மாங்கேணித் தோழிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஓர் உதவி இன்னும் கேட்கிறேன். அம்மாவுக்கு இப்போது கண் தெரியாது. மலரை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பார். இந்தப் பக்கத்தை மட்டும் தயவுசெய்து வாசிக்காமல் தட்டிவிடுங்கள்.

ஆண்டுத் திவசம் வெள்ளிக்கிழமையில் வருகிறது. விரதம் என்று யாரும் சாப்பிடாமல் போகவேண்டாம். பந்தியில் பரிமாறும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: காணும் என்று கையால் மறிப்பவர்களை நம்பாதீர்கள், இன்னும் ஓர் அகப்பை போடுங்கள் என்று.