கக்கூசுக்குப் போன கட்டணம்

மகளுக்குக் கட்டும் வீட்டுக்குக் கொங்கிரீட் கூரைத் தட்டுப் போட வைத்திருந்த காசு முழுவதும் என் போனில் டிஜிட்டல் டொலராகக் கிடந்தது. எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். முதலில் அதை, முதலாளி இல்லாமல் கணினி புரோகிராமே நடத்தும் ஒரு பொது முதலீட்டில் போட்டிருந்தேன். பிறகு, வரும் லாபம் மார்க்கம் தடுத்த வட்டியோ என்று மனம் உறுத்தியது. முதலைத் திருப்பி எடுத்தேன். லாபமாக வந்த வேறொரு சில்லறை டிஜிட்டல் நாணயத்தை ஒன்று விடாமல் விற்று, பள்ளிக்கூடத்துக் கக்கூசைத் திருத்தக் கொடுத்தேன். வட்டிக் காசை நாங்கள் அப்படித்தான் கழிப்போம்.

ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுது எழும்பும்போது தங்கச்சி ஓடி வந்தாள். கம்பியூட்டர் வகுப்பு நடத்துபவள்.

"ராத்தா, நீங்க போட்ட இடத்தில களவு போகுதாம். புரோகிராம்ல ஓட்டை."

"நான்தான் எடுத்துட்டனே."

"ஓம், சல்லிய எடுத்தீங்க. உங்கட போனுக்குள்ள வந்து சல்லி எடுக்கலாமெண்டு அதுக்குக் குடுத்த அனுமதிய எடுத்தீங்களா? கள்ளன் அந்த வழியால வருவான். எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

போன் கேட்டபோது 'அளவில்லை' என்பதை அழுத்தியிருந்தேன். அளவு சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது.

"மெஷினுக்கிட்டயும் வெக்கமா?" என்றாள்.

அனுமதியை ரத்துச் செய்ய அழுத்தினோம். சின்னக் கட்டணம் கேட்டது. அதையும் அந்தச் சில்லறை நாணயத்தில்தான் கட்ட வேண்டும்.

"அது கக்கூசில" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது.

அந்த நாணயம் வைத்திருப்பவர் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள், வரப்போகும் மருமகன். அவரோடு நான் ஒரு சொல் கதைத்ததில்லை. தங்கச்சி அவருடைய எண்ணை அழுத்தி, போனை என் கையில் தந்தாள்.

"மகன்... கொஞ்சம்..." என்றேன். அதற்கு மேல் சொல் வரவில்லை. தங்கச்சி போனைப் பறித்து விஷயத்தைச் சொன்னாள்.

"மாமிட முகவரிய அனுப்புங்க. கெதியா, நேரமில்ல" என்றார்.

நாணயம் வந்தது. அழுத்தினேன். அனுமதி போனது, காசு அப்படியே இருந்தது. நானும் தங்கச்சியும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் என் முக்காடு எங்கோ போய்விட்டது.

மருமகன் இன்னும் இணைப்பில் இருந்தார். "மாமி, என்ட சல்லியும் அந்த முதலீட்டுக்குள்ளதான் கிடந்த. களவு போயிட்டு. மோட்டார் சைக்கிளுக்கு வெச்சது. எங்கட வாப்பாக்குச் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டன் மகன்" என்றேன். இந்த முறை குரல் தடங்கவில்லை.

இப்போது போனில் எதையும் அழுத்துமுன் அவர் எனக்கு அழைப்பு எடுப்பார், நான் அவருக்கு எடுப்பேன். இருவரும் ஒவ்வொரு வரியாக வாசிப்போம். பெரும்பாலும் சிரித்துவிட்டு, அழுத்தாமலே வைத்துவிடுவோம்.