கோபுரத்தைக் காட்டிய விரல்

ஒரு பெண்ணை ஓட்டுப் போடவிடாமல் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே வாரத்தில், பெண்கள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை என்று கேட்டு நாளிதழுக்குக் கடிதமும் எழுதினேன்.

அறுபத்தேழாம் ஆண்டுத் தேர்தல். நான் விருத்தாசலத்தில் பள்ளி ஆசிரியன். வாக்குச்சாவடியில் பட்டியலைப் பார்த்துப் பெயர் சரிபார்க்கும் வேலை எனக்கு. பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் பெண் ஒருவர் வந்து நின்றார். முழங்கையில் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. தன் பெயரைச் சொன்னார்.

“வூட்டுக்காரர் பேரு என்னம்மா?”

கணவன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லாத காலம். அவர் சன்னல் வழியே தெரிந்த கோயில் கோபுரத்தை விரலால் காட்டினார்.

“அந்தச் சாமி பேருதாங்க.”

அந்தப் பெயர் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டியலில் அவருடைய வரியின் மேல்தான் என் பென்சில் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“ஓட்டு உனக்கா, சாமிக்கா? வாயத் தொறந்து பேரச் சொல்லு.”

கட்சி ஏஜெண்டுகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தரமும் கேட்டேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியேறினார். பின்னால் நின்ற இரண்டு பெண்களும் சத்தமில்லாமல் வரிசையை விட்டு நகர்ந்தார்கள்.

கடிதம் அச்சில் வந்தது. பெண்களின் அறியாமையைப் பற்றி அதில் வருந்தியிருந்தேன். கத்தரித்து அகராதிக்குள் வைத்துக்கொண்டேன்.

எழுபத்தொன்றில் மறுபடி தேர்தல் வந்தபோது இன்னொரு கடிதம் எழுத நினைத்தேன். இந்த முறை ஊகிக்காமல், அவர்களையே கேட்டால் என்ன என்று தோன்றியது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை. சாப்பாட்டு வேளையில் பட்டறைக்குப் போனேன். காய வைத்த ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்தாடி, நாம ஏன் ஓட்டு போடப் போவலன்னு சார் கேக்குறாரு. நம்ம காரு ரிப்பேருன்னு சொல்லு” என்றார் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “நான் போனேங்க சார். நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க.”

அதுவரை அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“உங்க வூட்டு அம்மா உங்க பேரச் சொல்லுவாங்களா சார்?” என்று கேட்டார்.

நேராக வீட்டுக்கு வந்தேன். “போன தடவ நீ ஓட்டு போட்டியா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நாலு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க. ஒரு வாத்தியாரு புருஷன் பேரச் சொல்லச் சொல்லிக் கிண்டல் பண்றாருன்னு பக்கத்து வூட்டு அக்கா சொன்னாங்க. அதான் போவல.”

“அது யாருன்னு...”

“தெரியும்.”

அன்றே உட்கார்ந்து நடந்ததை முழுதாக எழுதினேன். கடைசியில் ஒரு யோசனை: பட்டியல் எண், தன் பெயர், கணவன் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போய் நீட்டினால் போதும், யாரும் வாய் திறக்க வேண்டாம். நாளிதழில் அந்த யோசனை மட்டும் நாலு வரியாக வந்தது. நான் செய்த தவறை விட்டுவிட்டார்கள். அதனால் கடிதத்தின் நகலைப் பட்டறைக்குக் கொண்டுபோய், நின்றுகொண்டே முழுவதும் படித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தாலுகா ஆபீசில் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மனைவிக்கும்தான்.

தேர்தலன்று எனக்குச் சேத்தியாத்தோப்பில் வேலை. திரும்பி வந்தபோது மனைவியின் விரலில் மை இருந்தது. மறுநாள் பட்டறைக்குப் போனேன். பெண்கள் வாளித் தண்ணீரில் களிமண்ணைக் கழுவிவிட்டு விரலை நீட்டிக் காட்டினார்கள். அன்று நான் திருப்பி அனுப்பிய பெண் மட்டும் கையைக் கழுவவில்லை.

“நீங்க போவலியாம்மா?”

“வாசல் வரைக்கும் போனேங்க சார். சீட்டும் கையில இருந்துது. உள்ள யாரோ சிரிச்ச சத்தம் கேட்டுது. எதுக்குச் சிரிச்சாங்களோ, தெரியல. திரும்பிட்டேன்.”

இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். “இத வச்சிக்கட்டுமா?”

அடுத்த பட்டியலில் எண் மாறிவிடும், அப்போது புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன்.

“எழுதுங்க சார், பாப்போம்” என்று சொல்லிவிட்டு, ஒரு ஜாடியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுரண்டத் தொடங்கினார்.