ஏறாத மாடி

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோச் சரிவில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. நகரில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் கீறுவது எனக்கு வேலை. பகல் முழுவதும் அடுத்தவர்களின் கராஜும் சமையலறையும் வரைந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஜன்னலுக்குக் கீழே கடல்நீர் வற்றி, சேறு வெள்ளித் தகடுபோல் மின்னிக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டில் வேல்ஸ் நாட்டு அம்மா ஒருவர் தனியாக இருந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, எழுபதைத் தாண்டிய வயது. என் வேலை இன்னதென்று தெரிந்த அன்றே வேலிக்கு மேலாகக் கேட்டார்:

“பிள்ளை, இல்லாத வீடொண்டை உம்மாலை கீற ஏலுமோ?”

அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது எங்கள் வீட்டுத் தமிழாகவே ஒலிக்கிறது.

அது அவர் பிறந்த வீடு. வேல்ஸில் ஒரு மலையடிவாரத்தில் பல தலைமுறையாக நின்ற கல் மாளிகை. அவர் இளம்பெண்ணாக இருந்தபோதே கைமாறிப்போய், யுத்தத்துக்குப் பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை.

அந்தக் குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொள்வார். வெளியே தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருக்கும். அவர் அறை அறையாக நடப்பார். பென்சிலுடன் நானும் பின்னால் போவேன். முதலில் தாழ்ந்த வாசல், உயரமானவர்கள் குனிந்துதான் வரவேண்டும். அப்புறம் கருநீலக் கற்பலகைகள் பாவிய கூடம், மழைக்கு முந்திய நாள் அந்தத் தரை வியர்க்குமாம். ஆள் உயரத்துக்கு ஓக் பலகை அடித்த சுவர்கள், நூற்றாண்டுகளின் புகை ஏறிக் கறுத்தவை. குழந்தை உள்ளே போய் நிற்கக்கூடிய அளவில் ஒரு கணப்பு. அண்ணாந்து பார்த்தால் வெண்சுதையில் ரோஜாக்கள், பேரிக்காய்கள், மூக்குடைந்த ஒரு கடற்கன்னி. ஜன்னலின் சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகள் வழியே வரும் வெயில் தரையில் மீன்வலைபோல் விழும் என்றார். அதை எந்தக் கோட்டால் வரைவது என்று தெரியாமல் தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

மெல்ல மெல்ல அந்த வீட்டுக்குள் நானும் குடிபுகுந்துவிட்டேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் கண்ணயர்ந்தால் காலடியில் கற்பலகை குளிரும்.

“உமக்கு இஞ்சை இருக்கிற யோசினையே இல்லைப் போலை. சோறு அடிப்பிடிக்குது,” என்று என் கணவர் சிரிப்பார்.

வசந்தம் தொடங்கும் நேரத்தில் வேல்ஸிலிருந்து அந்த அம்மாவின் தம்பி வந்தார். இளமையிலேயே பிரிந்தவர்கள், வாழ்த்து அட்டைகளால் மட்டும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். தம்பிக்கு ஒரு கால் மெலிந்திருந்தது, கைத்தடி ஊன்றி நடந்தார். அக்கா அவரைப் பெருமையுடன் என் மேசைக்கு அழைத்து வந்தார். தம்பி தாளை வெகுநேரம் பார்த்தார்.

“மாடிப்படி பிழை,” என்றார்.

“என்ன பிழை?” என்றார் அக்கா.

“பாதியிலை வலப்பக்கம் திரும்பவேணும். இதிலை இடப்பக்கம் திரும்புது.”

“விசர்க் கதை கதைக்காதை. இடப்பக்கம்தான். நான் எத்தினைதரம் இறங்கின படி!”

தம்பி தலையை அசைத்து மறுத்தார். அக்காவின் முகம் சிவந்தது. எனக்கு ஏதோ உறைத்தது.

“நீங்கள் இறங்கி வாறதைத்தானே நினைக்கிறியள்?” என்று அக்காவைக் கேட்டேன்.

“ஓம். காலமை, சாப்பாட்டு மணி அடிக்கேக்கை, கைப்பிடியிலை கையை வைச்சுக்கொண்டு...” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். இறங்குகிறவருக்கு இடப்பக்கம் என்றால் ஏறுகிறவருக்கு அது வலப்பக்கம். அழிரப்பரை எடுத்து அழித்து, படியை மறுபக்கம் திருப்பிக் கீறினேன்.

“அப்ப நீ ஏறினதை நினைக்கிறாய், அதுதான் விசயம்,” என்று தம்பியைப் பார்த்துச் சிரித்தார் அக்கா.

“நான் ஏறினதில்லை, அக்கா. கீழையிருந்து பாத்தனான்.”

நடக்கப் பழகிய வயதில் வந்த காய்ச்சலில் தம்பிக்கு ஒரு கால் விளங்காமல் போயிற்று. படியருகே இருந்த புத்தக அறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் யாரும் மாடிக்குத் தூக்கிப் போகவில்லை. தடியூன்றித் தானாக நடக்கத் தொடங்கியபோது வீடு அவர்களுடையதாக இல்லை. அக்கா விடுதிப் பள்ளியில் படித்தவர், விடுமுறைக்கு மட்டும் வருபவர்.

“ஒருக்காலும் ஏறேல்லையோ?” என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. “நான் கேக்கவுமில்லையே.”

பிறகு மாடி அறைகளைக் கீறிய தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்து, தம்பியின் விரலைப் பிடித்து, நான் புதிதாகக் கீறிய படியின் அடியில் வைத்தார். விரல் மெல்ல ஏறி, வலப்பக்கம் திரும்பியது.

“இது அம்மான்ரை அறை. கட்டிலைச் சுத்திப் பச்சைத் திரை, பின்னேரத்திலை அறை முழுக்கக் குளத்துத் தண்ணிபோலை இருக்கும். இது நீள மண்டபம். தரை ஒருபக்கம் சரிவு. இந்த மூலையிலை ஒரு கண்ணாடிக் குண்டை வைச்சால் அந்த மூலை வரைக்கும் தானா உருண்டுபோகும். நான் நெடுக அதுதான் விளையாடுறது.”

எனக்கும் சொல்லாத கதை அது. தம்பி நிமிர்ந்தார்.

“அது நீயா? என்ரை தலைக்கு மேலை, கர்ரெண்டு... வந்து, வந்து, நிண்டிடும். நான் அது நிலவு போற சத்தம் எண்டெல்லே நினைச்சிருந்தன்!”

இருவரும் சிரித்தார்கள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு விரலை மறுபடி நகர்த்தினார். அன்று அவர்கள் ஒரு அறையையும் விடவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று, நான் புதிதாக வைக்கவில்லை. கதவுகள் திறக்கும் ஒலியைக்கூட நான் கேட்டதாகத் தோன்றியது.

தம்பி ஊர் திரும்பும் பயணத்தை ஒருமுறை தள்ளிப்போட்டார். பிறகு திரும்பும் பேச்சையே விட்டுவிட்டார். விசா அலுவலாக என் கணவர்தான் காரில் கூட்டிப்போய் வந்தார். நாங்கள் லின்ஃபீல்டில் வீடு வாங்கிக்கொண்டு போகும்வரை, சனிக்கிழமைப் பகல்களில் வேலிக்கு அப்பாலிருந்து அவர்களின் குரல் கேட்கும். அந்தப் பழைய வீட்டின் வடக்கு ஜன்னலில் எத்தனை கண்ணாடிச் சில்லு என்று சண்டை.