கரடிக்கு ஏற்ற துவக்கு

எண்பதுகளின் நடுவில், சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரத்தில், கரடியை நேருக்கு நேர் கண்டவள் நான் ஒருத்திதான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்த ஊரில் வேட்டைக்காரர்களுக்குக் குறைவில்லை. மான், காட்டுப்பன்றி, மலையாடு என்று ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஆனால் கரடி அந்த மலைகளை விட்டுப்போய் இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அவர்கள் அதைக் கொடியிலும் பியர் போத்தலிலும்தான் பார்த்திருந்தார்கள். கண்ட நானோ அவர்களுடைய துவக்குக் கடையில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கியை இலங்கையில் எங்கள் பக்கத்தில் துவக்கு என்போம். இந்தக் கதைக்கு அந்தச் சொல் முக்கியம், அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கடைக்காரர் ஆறடிக்கு மேல். கதவில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. பிரெஞ்சு பேசுகிறவர்கள் அவரைப் பத்ரோன் என்பார்கள், முதலாளி என்று அர்த்தம். ஜெர்மனில் பத்ரோனெ என்றால் தோட்டா. அந்த ஊரில் இரண்டு மொழியும் ஒரே வாயில் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த கிழமை, "பத்ரோனெ எல்லாம் அலமாரியில் பூட்டியாயிற்றா, பார்" என்றார். இந்த மனிதர் தன்னை ஏன் பூட்டச் சொல்கிறார், அதுவும் இந்தச் சின்ன அலமாரியில், என்று முழித்துக்கொண்டு நின்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, தன்னுடைய அளவுதான் உலகத்தின் அளவு என்று நினைப்பார்.

அவருக்கு ஒரே மகள். இருபது வயது, என் காதளவு உயரம், மெலிந்த தோள். அந்த வருடம்தான் வேட்டைப் பரீட்சையில் தேறியிருந்தாள். கனடாவில் இருந்த அவளுடைய தாய்மாமன், இலையுதிர்காலத்தில் கரடி வேட்டைக்கு வா என்று கடிதம் போட்டார். தகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கடையிலேயே பெரிய துவக்கை, மக்னம் என்று சொல்லும் முரட்டுத் தோட்டா போடுவதை, சுவரிலிருந்து இறக்கி அவள் கையில் கொடுத்தார். "மிருகம் பெரிது, துவக்கும் பெரிதாக இருக்க வேண்டும்" என்றார். பயணத்துக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது.

கடைக்குக் கீழே, நிலவறையில், நீளமான ஒரு சுடும் அறை இருந்தது. பின்னேரம் கடை பூட்டியதும் அவள் அங்கே பழகுவாள். அவள் முடித்த பிறகு வெடித்த தோட்டாக்களின் வெறும் கோதுகளைக் கூட்டி அள்ளுவது என் வேலை. கூட்டுகிறவளுக்குக் கண் இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் இலக்குத் தாள்களைப் பார்த்தேன். முதல் வெடி நடுவில், இரண்டாவது கீழே, மூன்றாவது இன்னும் கீழே. அவள் கையை உயர்த்திக் கூந்தலைக் கட்டும்போது, துவக்கு உதைத்துக் கன்றிய நீலம், தோளில் இருக்க வேண்டியது, மேற்கையில் இருந்தது. புருவத்துக்கு மேல் பிறை போல ஒரு வெட்டு. துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கி பின்னால் உதைத்துக் கிழித்த காயம். அலமாரிக் கதவு இடித்தது என்று தாயிடம் சொன்னாளாம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் துவக்கின் கட்டை, தோளில் அணைக்கும் மரப்பகுதி, தகப்பன் அளவு ஆளின் கைக்குச் செய்தது. அக்காவின் சட்டையைத் தங்கைக்குப் போட்டுவிட்டு வடிவாக இருக்கிறது என்பது போலத்தான். தோளில் பொருந்தாமல் கட்டை கையில் போய் உட்கார்ந்தது. உதை பொறுக்காமல், விசையை இழுக்கும் முன்பே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படியே போனால் கரடிக்குக் காயம்தான் படும். காயம்பட்ட கரடி ஓடாது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் என்னுடைய அகதி வழக்கு.

முதல் விசாரணையில் அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். "அப்பாட்டை துவக்கு ஒண்டு இருந்தது" என்றேன். வன்னியில் காட்டோரம் வயல் செய்கிறவருக்குப் பன்றியும் யானையும் வராமல் காக்க, கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், அனுமதி எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழர். அவருக்குத் துவக்கு என்றால் தொடங்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார், அதிகாரி தட்டச்சில் அடித்தார். கடைசியில் எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்தார்கள். "உங்க அப்பா சொந்தமா ஒரு வியாபாரம் துவக்கி வச்சிருந்தார். சரிங்களா?"

நான் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான், ஆயுதம் ஏதாவது கையில் எடுத்ததுண்டா என்று அதிகாரி என்னைக் கேட்டிருந்தார். அந்த நாளில் தமிழ் ஆளும் துவக்கும் ஒரே வசனத்தில் வந்தால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று அகதி முகாமில் கேட்டு வைத்திருந்தேன். பயத்தில் "இல்லை" என்று சொல்லியிருந்தேன். இப்போது அப்பாவின் வியாபாரத்துக்கும் "ஓம்" என்று கையெழுத்து வைத்தேன். அன்றோடு என் அப்பா கடை முதலாளி ஆகிவிட்டார்.

என் கணவர் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணப் பட்டணத்து ஆள், அளந்து பேசுகிறவர். அந்தப் பிள்ளையின் புருவத்தைப் பற்றிச் சொன்னதும் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டார்.

"இஞ்சேரும், அந்தக் கடைக்குப் பொலிஸ்காரர் வந்து போறவங்கள். நீர் துடைக்கிறதோட நிப்பாட்டும். துவக்குத் தெரியும் எண்டு ஆருக்கும் காட்டாதையும். பொய் சொன்னதெண்டு பிடிச்சு ஊருக்கு ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்."

"அந்தப் பிள்ளை செத்துப்போனா?"

"அவளுக்குத் தேப்பன் இருக்கிறார். எங்களுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. இரண்டு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன்.

மூன்றாவது கிழமையின் முதல் நாள், தகப்பனும் கீழே இறங்கி வந்தார். நான் மூலையில் வாளியோடு நின்றேன். மகள் மூன்று வெடி வைத்தாள். அவர் தாளைப் பார்த்து, "முதலாவது நடுவில்! கரடிக்கு அது போதும்" என்று கைதட்டினார். அவள் சிரிக்க முயன்றாள். கைதட்டலைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன்.

"போதாது" என்றேன். என் ஜெர்மனில் அப்போது வினைச்சொல்லே இருக்காது. "கரடி, ஒரு வெடி, போதாது. துவக்கு, பெரிசு. பிள்ளை, பயம்."

"எனக்குப் பயமில்லை!" என்று அவள் சீறினாள். தகப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மேசையில் கிடந்த பழகு தோட்டாவைக் காட்டினேன். உள்ளே மருந்தில்லாத தோட்டா அது, விசை இழுத்துப் பழகுவதற்கு. அதை அவளுக்குத் தெரியாமல் போடச் சொல்லிச் சைகை செய்தேன். அவருக்குச் சட்டென்று விளங்கியது. துவக்கை வாங்கி, முதுகைக் காட்டி நின்று நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்.

அவள் குறிபார்த்தாள். விசையை இழுத்தாள். வெடிக்கவில்லை. ஆனால் கண் இறுக மூடிக்கொண்டது. குழல் ஒரு சாண் கீழே குத்தியது. தோள் தானாகப் பின்வாங்கியது. சத்தமே இல்லாத அந்த அறையில் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். அவள் துவக்கை மேசையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். தகப்பன் அவளுடைய சட்டைக் கையை உயர்த்தி நீலத்தைக் கண்டார். அந்தப் பெரிய மனிதர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்னைக் கேட்டார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டில்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாததற்கு அன்று இரவு முழுக்க வெட்கப்பட்டேன்.

அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். ஆண்பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அப்பா காய்ச்சலில் கிடந்த காலத்தில் வயலைக் காத்தது நான். அதற்காக அவர் துவக்கின் கட்டையை இரண்டு விரற்கடை அரிந்து எனக்கு அளவாக்கினார். எனக்குப் பதினேழு வயதில், பாலைப்பழக் காலத்தில், இருவரும் காட்டுக்குப் போனோம். காட்டுக்கோழிக்கென்று சின்னச் சன்னம், சின்ன ஈயக்குண்டு, உள்ள தோட்டாவை அவர் போட்டிருந்தார். பாலை மரத்திலிருந்து கரடி இறங்கியது. அப்பா சுட்டார். சன்னமெல்லாம் மயிரிலும் கொழுப்பிலும் சிக்கிக்கொண்டன. அது எழுந்து நின்று அவருடைய முகத்தைப் பிடித்தது. துவக்கு என் காலடியில் விழுந்தது. தோட்டாப் பை என் தோளில். அதில் சின்னதும் பெரியதும் கலந்து கிடந்தன. கையில் வந்தது எது என்று பார்க்க நேரமில்லை. பெரிய சன்னம் வந்தது. அதை நிரப்பிக் கிட்டப் போய்ச் சுட்டேன். அப்பாவுக்கு ஒரு கண் போயிற்று, உயிர் மிஞ்சியது. நான் கண்ணை மூடவில்லை.

அடுத்த நாள் கடைக்குள் போனதும் முதலாளி என் கையிலிருந்து வாளியை வாங்கி வைத்தார். "தெரிவு செய்" என்றார்.

அவருடைய துவக்குகளை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லவில்லை. பேர்கள் அவருக்குத்தான் தெரியும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மகளை நிறுத்தி, ஒவ்வொரு துவக்காக, கட்டையின் அடியை முழங்கையின் மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் எட்டவில்லை. கடைசியில், முப்பது-பூச்சியம்-ஆறு என்று அவர்கள் சொல்லும் தோட்டா போடுகிற, சாதாரண வேட்டைத் துவக்கு ஒன்றை எடுத்தோம். உதை மக்னத்தின் பாதியளவுதான் இருக்கும். கனடாவில் சின்ன ஊர்க் கடையிலும் அந்தத் தோட்டா கிடைக்கும் என்றாள் மகள். கட்டையை அரிய வேண்டும் என்று விரலால் கோடு காட்டினேன். வால்நட் மரம், விலை உயர்ந்தது. அவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார், பிறகு மரம் அறுக்கும் வாளை எடுத்தார்.

தோட்டாவுக்கு வந்தோம். இரண்டு பெட்டி திறந்து வைத்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. "மேலே உடையுமா, உள்ளே போகுமா?" முதலாவது பட்டவுடன் விரிந்துவிடுமாம், மானுக்கு நல்லதாம். இரண்டாவது கனமான சன்னம், எலும்பை உடைத்துக்கொண்டு ஆழப் போகும், சிதறாது. "இதுதான்" என்றேன். மானுக்கும் உதவும் என்று மற்றதிலும் ஒரு பெட்டி சேர்த்து வைக்கப் போனார். அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். ஒரு முதலாளியின் கையைப் பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஒரு பை, ஒரு சாதித் தோட்டா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றப் பெட்டியை மூடினார்.

மிஞ்சிய நாளெல்லாம் அவள் பழகினாள். இடையிடையே நான் பழகு தோட்டாவைக் கலந்து கொடுத்தேன். ஐந்தாம் நாள், வெடிக்காதபோதும் குழல் அசையாமல் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தச் சம்பளமும் ஈடில்லை.

அவள் போய் இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, கடையில் தொலைபேசி அடித்தது. சீருடையோடு ஒரு பொலிஸ்காரர் தோட்டா வாங்க நின்றார். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார், முகம் வெளிறியது, பிறகு சிவந்தது. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"முதல் வெடியில் விழவில்லை" என்றாள் அவள், கடலுக்கு அப்பாலிருந்து. "என் பக்கம் திரும்பி ஓடி வந்தது. நான் கண்ணை மூடவில்லை. இரண்டாவதில் விழுந்தது. எனக்கு ஒன்றுமில்லை."

நான் கடை நடுவில் நின்று விம்மி விம்மி அழுதேன். முதலாளி பொலிஸ்காரரிடம், எல்லோருக்கும் கேட்க, "என் மகளுக்குத் துவக்குத் தெரிவு செய்தது இவர்தான்" என்றார். நீ என்று கூப்பிடுகிறவர் அன்று மரியாதையாகச் சொன்னார்.

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். "எங்கே பழகினீர்கள்?"

கணவரின் முகம் கண்முன் வந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். முடியவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"என் அப்பாவிடம்" என்றேன். "அவரிடம் துவக்கு இருந்தது. கரடி அவரைப் பிடித்தது. நான் சுட்டேன்."

அவர் தோட்டாப் பெட்டியை மேசையில் வைத்தார். "இது உங்கள் அகதி வழக்குத் தாள்களில் எழுதியிருக்கிறதா?"

"இல்லை. பிழையாக எழுதியிருக்கிறது."

"அவர்கள் கண்டுபிடிக்கும் முன்னால் நீங்களாகத் திருத்துங்கள்" என்றார். தன் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு, எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று கணவர் சாப்பிடவில்லை. நன்றாக ஏசினார். திங்கட்கிழமை அவரே அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, பிழையைத் திருத்தச் சொல்லி அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்.

இரண்டாம் விசாரணைக்கு யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்திருந்தார்கள். அதிகாரி பழைய தாளைத் தள்ளி வைத்தார். "முதலில் ஏன் இதைச் சொல்லவில்லை?"

"பயம்" என்றேன்.

"இப்போது பயமில்லையா? இதனால் உங்கள் வழக்கு கெட்டுப்போகலாம்."

"இப்பவும் பயம்தான் ஐயா" என்றேன். "ஆனா என்ர அப்பா ஒரு கண்ணோட அந்தக் காட்டில இருக்கிறார். அவர் கடை வைச்சிருந்தவர் எண்டு சொல்லி எனக்கு இஞ்ச இருக்க விருப்பமில்லை."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். அதிகாரி தட்டச்சில் புதுத் தாளைச் செருகி, அப்பாவின் தொழில் என்ன என்று மறுபடி முதலிலிருந்து கேட்டார்.